ஆர்டி 350-க்கு எந்தச் சேம்பர்? வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டியவை

ராஜ்தூத் ஆர்டி 350 பைக்கில் சைலன்சருக்குப் பதில் எக்ஸ்பான்ஷன் சேம்பர், அதாவது எஞ்சினின் பவரைக் கூட்டுவதற்காக விரிந்து குறுகும் வடிவில் செய்த எக்ஸாஸ்ட் பைப், போட நினைப்பவர் பைப்பைத் தேடும் முன் கிராங்கின் சுழற்சியை அளக்கும் ஒரு டிகிரி வீலைத் தேட வேண்டும். 360 பாகையும் குறித்த வட்டத்தை அச்செடுத்து அட்டையில் ஒட்டிக்கொண்டாலும் போதும். தன் சிலிண்டரில் எக்ஸாஸ்ட் போர்ட் (சுவரில் புகை வெளியேறும் துளை) எத்தனை பாகைக்குத் திறந்திருக்கிறது என்று தெரியாமல் வாங்கும் பைப், எவ்வளவு நல்ல கையால் செய்யப்பட்டிருந்தாலும், அமைந்தால் அதிர்ஷ்டம், அமையாவிட்டால் இருந்த இழுவையும் போய்விடும்.

ஆர்டிக்கு இன்று நான்கு வழிகள் இருக்கின்றன. கரி நீக்கிச் சுத்தம் செய்த ஒரிஜினல் சைலன்சர், கடையில் கிடைக்கும் டூப்ளிகேட் சைலன்சர், உள்ளூர்ப் பட்டறையில் தகடு சுருட்டிச் செய்யும் சேம்பர், இங்கிலாந்து அல்லது அமெரிக்காவிலிருந்து வரவழைக்கும் சேம்பர். இந்த நான்கையும் சத்தத்தையும் பளபளப்பையும் ஓரமாக வைத்துவிட்டு, எஞ்சினுக்கு என்ன செய்கின்றன என்ற ஒரே கணக்கில் பார்க்கலாம்.

பைப்பின் வேலை

இந்த டூ-ஸ்ட்ரோக் எஞ்சினில் எக்ஸாஸ்டைத் திறந்து மூட வால்வு கிடையாது, பிஸ்டனே அதைச் செய்கிறது. பிஸ்டன் கீழே இறங்கும்போது எக்ஸாஸ்ட் போர்ட் முதலில் திறக்கும், மேலே ஏறும்போது அதுதான் கடைசியில் மூடும். இடையில் டிரான்ஸ்ஃபர் போர்ட் வழியாக உள்ளே வந்த புதுக் கலவையில் ஒரு பகுதி எரியாமலே எக்ஸாஸ்ட் பக்கம் வெளியே ஓடிவிடும். சேம்பர் இரண்டு வேலை செய்கிறது. விரியும் கோன் அழுத்தத்தைக் குறைத்து எரிந்த புகையை உறிஞ்சி எடுக்கிறது. அதற்குப் பிறகு வரும் குறுகும் கோன் அழுத்த அலையைத் திருப்பி அனுப்பி, தப்பி ஓடிய கலவையைப் போர்ட் மூடுவதற்குச் சற்று முன் சிலிண்டருக்குள்ளேயே தள்ளுகிறது. கிழக்கு ஜெர்மனியின் எம்.இசட். நிறுவனத்தில் வால்டர் காடன் இதைக் கணக்கோடு வளர்த்தெடுத்தார். 1961-இல் அவருடைய 125 சிசி ரேஸ் எஞ்சின் 25 பிஎச்பி கொடுத்தது. அதே ஆண்டு அவருடைய ரைடர் எர்ன்ஸ்ட் டெக்னர் சுவீடன் பந்தயத்தின்போது மேற்கே தப்பிச்சென்று, அந்தக் கணக்கோடு சுசுகியில் சேர்ந்தார். 1962-இல் சுசுகி 50 சிசி உலகப் பட்டம் வென்றது. ஜப்பானிய டூ-ஸ்ட்ரோக்குகளின் வளர்ச்சியில் அந்தக் கணக்குக்குப் பெரிய பங்கு உண்டு.

திரும்பி வரும் அலை ஒரு குறிப்பிட்ட ஆர்பிஎம்மில்தான் சரியான நேரத்துக்கு வந்து சேரும். அதற்கு முன்னும் பின்னும் வந்தால் உதவாது, சில இடங்களில் கெடுக்கவும் செய்யும். சேம்பர் போட்ட வண்டி 4,000-இல் சோம்பி, 5,500 தாண்டியதும் சட்டென்று பாய்வது இதனால்தான்.

அலை வந்து சேரும் நேரத்தை நாமே கணக்குப் போடலாம். சூடான புகையில் ஒலியின் வேகம் வினாடிக்குச் சுமார் 518 மீட்டர் என்று வைத்துக்கொள்வது வழக்கம். எக்ஸாஸ்ட் திறந்திருக்கும் பாகையை 518-ஆல் பெருக்கி, ஆர்பிஎம்மின் 12 மடங்கால் வகுத்தால் மீட்டரில் ஒரு நீளம் வரும். பிஸ்டன் முகத்திலிருந்து பைப்பின் நடுக்கோட்டிலேயே வளைந்து போய், குறுகும் கோனின் நடுப்பகுதி வரை உள்ள நீளம் அது. சிலிண்டருக்குள் இருக்கும் போர்ட்டின் நீளமும் இதில் அடக்கம். 180 பாகை திறப்பு, 8,500 ஆர்பிஎம் என்றால் 914 மி.மீ. வரும். கடைக்காரர் "ரேஸ் பைப்" என்று நீட்டுவது பெரும்பாலும் இந்த நீளத்தை ஒட்டித்தான் இருக்கும்.

இந்திய ஆர்டியின் சிக்கல்

யமஹா 1973-இல் கொண்டுவந்த ஆர்டி 350 தந்தது 7,500 ஆர்பிஎம்மில் 39 பிஎச்பி. எஸ்கார்ட்ஸ் 1983 முதல் இங்கே தயாரித்த ராஜ்தூத் 350 அதை மட்டுப்படுத்திய வடிவம். ஹெச்டி (ஹை டார்க்) மாடல் 6,750-இல் 30.5 பிஎச்பி, பின்னால் வந்த எல்டி (லோ டார்க்) 6,500-இல் 27 பிஎச்பி. 64 மி.மீ. போர், 54 மி.மீ. ஸ்ட்ரோக், ரீட் வால்வு, ஆறு கியர் எல்லாம் அதேதான். குறைக்கப்பட்டது போர்ட்டின் உயரத்திலும் சைலன்சரிலும் கார்புரேட்டரிலும். அதனால் "ஆர்டி 350-க்குப் பொருந்தும்" என்று எழுதி விற்கும் வெளிநாட்டுப் பைப் போல்ட்டில் பொருந்தினாலும் எஞ்சினுக்குப் பொருந்தும் என்று சொல்ல முடியாது.

இன்னொரு சிக்கல், இன்று ஓடும் ஆர்டிகளில் எது என்ன சிலிண்டர் என்பது வண்டியின் ஆர்சி புத்தகத்தைப் பார்த்துத் தெரியாது. ஹெச்டி வண்டியில் எல்டி சிலிண்டர் இருக்கும். எல்டி சிலிண்டரை யாரோ எப்போதோ கிரைண்டர் வைத்து உயர்த்தியிருப்பார்கள். இடது சிலிண்டர் ஒரு மாதிரி, வலது சிலிண்டர் வேறு மாதிரி இருக்கும் வண்டிகளும் உண்டு. ஆகவே அளந்தே தீர வேண்டும்.

அளப்பது கடினமல்ல. சைலன்சரைக் கழற்றுங்கள். டிகிரி வீலைக் கிராங்கின் முனையில் பொருத்துங்கள். பிளக்கைக் கழற்றி, அந்தத் துளையில் பிஸ்டனைத் தடுத்து நிறுத்தும் பிஸ்டன் ஸ்டாப்பரை மாட்டி, கிராங்கை இருபுறமும் மெதுவாகத் திருப்பி, தட்டி நிற்கும் இரண்டு புள்ளிகளின் நடுவை டிடிசி (பிஸ்டன் உச்சியில் நிற்கும் இடம்) என்று வீலில் குறியுங்கள். ஸ்டாப்பரை எடுத்துவிட்டு, டார்ச் அடித்து எக்ஸாஸ்ட் போர்ட்டுக்குள் பார்த்தபடி கிராங்கை எஞ்சின் ஓடும் திசையில் திருப்புங்கள். பிஸ்டனின் மேல்விளிம்பு போர்ட்டின் உச்சியை விட்டு மயிரிழை விலகும் இடத்தில் நிறுத்த வேண்டும். மெல்லிய ஃபீலர் கேஜ் இலையை அங்கே வைத்தால், அது உள்ளே நுழையும் அந்தக் கணமே திறப்பு. பாகையைப் படியுங்கள். 180-லிருந்து அதைக் கழித்து இரண்டால் பெருக்கினால் திறந்திருக்கும் மொத்தப் பாகை வந்துவிடும். டிடிசிக்குப் பின் 90 பாகையில் திறந்தால் 180. 97.5 பாகையில் திறந்தால் 165.

இப்போது அந்த 914 மி.மீ. பைப்பை 165 பாகை சிலிண்டரில் மாட்டினால் என்ன ஆகும்? கணக்குப்படி அலை சரியாக வருவது சுமார் 7,800 ஆர்பிஎம்மில். ஆனால் அவ்வளவு தாழ்ந்த போர்ட் உள்ள எஞ்சினுக்கு 7,000-க்கு மேல் மூச்சு வாங்கும். எஞ்சின் ஓய்கிற இடத்தில்தான் பைப் வேலையைத் தொடங்குகிறது. கீழேயும் இழுவை இல்லை, மேலேயும் இல்லை. அதே 165 பாகைக்கு 6,750 ஆர்பிஎம்மில் அலை வர வேண்டுமென்றால் நீளம் 1,055 மி.மீ. ஆக வேண்டும். வித்தியாசம் 14 செ.மீ. சேம்பர் போட்ட பிறகு வண்டி முன்பைவிட மந்தமாகிவிட்டது என்ற புகார்களில் கார்புரேட்டரைக் குற்றம் சொல்வதற்கு முன் இந்த 14 செ.மீ.யைத் தேட வேண்டும்.

ஒரிஜினல் சைலன்சர்

இது பலர் நினைப்பதுபோல் வெறும் சத்தம் குறைக்கும் குழாய் அல்ல. உள்ளே விரியும் பகுதியும் திருப்பி அனுப்பும் பகுதியும் உண்டு, நீளமும் இந்த எஞ்சினுக்காகக் கணக்கிட்டது. ஊருக்குள் ஓட்டுபவருக்கு, பின்னால் ஆள் ஏற்றுபவருக்கு, 3,000 ஆர்பிஎம்மிலிருந்தே இழுவை வேண்டும் என்பவருக்கு, நல்ல நிலையில் உள்ள ஒரிஜினல்தான் சிறந்தது. இதைத் தயங்காமல் சொல்லலாம். பழைய ஆர்டிகளில் பவர் குறைந்ததற்கு முக்கியமான காரணம் பைப்பின் வடிவமல்ல, உள்ளே அடைத்திருக்கும் கரிதான்.

முனையில் உள்ள ஸ்குருவைக் கழற்றினால் உள்குழாய் வெளியே வந்துவிடும். துளைகளில் கெட்டியாகப் பிடித்திருக்கும் கரியைக் கேஸ் டார்ச்சால் சிவக்கச் சுட்டு, கம்பி பிரஷ்ஷால் தேய்த்தால் உதிர்ந்துவிடும். வெளிக்கூட்டுக்குக் காஸ்டிக் சோடா. ஒரு முனையை மரத்தக்கையால் அடைத்து, தண்ணீரில் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கரைத்து ஊற்றி ஒரு நாள் வைக்க வேண்டும். சோடாவில் தண்ணீரை ஊற்றவே கூடாது, கொதித்து முகத்தில் தெறிக்கும். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். அலுமினியத்தில் பட்டால் அரித்துவிடும் என்பதால் வண்டியிலிருந்து கழற்றி வைத்துத்தான் செய்ய வேண்டும். பிறகு நிறையத் தண்ணீர் விட்டு அலசி, சூடு காட்டி உலர்த்தி, உள்ளே கொஞ்சம் 2டி (டூ-ஸ்ட்ரோக்) ஆயில் சுழற்றி விடுங்கள்.

உள்குழாயைக் கழற்றி எறிவது, முனையை அறுப்பது, நடுத்தடுப்பில் துளையிடுவது மூன்றும் வேண்டாத வேலைகள். சத்தம் ஏறுவதால் வேகம் ஏறியதுபோல் காதுக்குத் தோன்றும். உண்மையில் திரும்பி வர வேண்டிய அலை துளை வழியாக வெளியே போய்விடுகிறது, கூடவே எரியாத பெட்ரோலும் போகிறது.

டூப்ளிகேட் சைலன்சர்

வெளியில் பார்க்க அச்சு அசலாக இருக்கும். உள்ளே என்ன இருக்கிறது என்பதே கேள்வி. வாங்கும்போது கையில் எடுத்து எடை பாருங்கள், பழைய ஒரிஜினலோடு ஒப்பிடுங்கள். முன்வாயில் டார்ச் அடித்துப் பாருங்கள். உள்கோன் இல்லாமல் நேராக ஒரு குழாயும் அதைச் சுற்றி வெற்றுக் கூடுமாக இருந்தால் அது சைலன்சர் மட்டுமே, டியூன் செய்த பைப் அல்ல. குரோம் மெல்லியதாக இருக்கும், மடிப்பு ஓரங்களில்தான் துரு முதலில் எட்டிப்பார்க்கும். சென்னைக்காரர்கள் புதுப்பேட்டையில் பழைய ஒரிஜினலைத் தேடிப் பிடித்து, கரி நீக்கி, குரோம் போட்டுக்கொள்வது புது டூப்ளிகேட்டைவிட மேல். அடிபட்டு உள்வாங்கிய இடம் இருந்தால் அந்தத் துண்டை வாங்காதீர்கள். ஹெடர் (எஞ்சினோடு சேரும் முன்குழாய்) பக்கத்தில் ஒரு பள்ளம் என்றால் அங்கே குழாயின் குறுக்களவே மாறிவிட்டது என்று பொருள்.

உள்ளூர்ப் பட்டறைச் சேம்பர்

ஆர்டிக்குச் சேம்பர் வேண்டும் என்று தீர்மானித்தவர்களுக்கு எங்கள் முதல் பரிந்துரை இதுதான், ஒரு நிபந்தனையோடு. செய்பவர் உங்கள் போர்ட் பாகையைக் கேட்க வேண்டும். கேட்காமல் "எல்லா ஆர்டிக்கும் ஒரே பேட்டர்ன்தான்" என்பவரிடம் வேலை கொடுக்காதீர்கள். அளவு கொடுத்துச் செய்யும் வசதி இறக்குமதிப் பைப்பில் கிடைக்காது. 165 பாகை சிலிண்டர் வைத்திருப்பவருக்கு 1,055 மி.மீ. பைப் செய்து தரக்கூடியவர் நம் ஊர்ப் பட்டறைக்காரர்தான்.

கேட்டு வாங்க வேண்டிய அளவுகள் சில. ரோட்டில் ஓட்டும் வண்டிக்கு ஹெடர் நீளமாகவும், விரியும் கோனின் முழுக்கோணம் ஏழெட்டுப் பாகை அளவிலும், குறுகும் கோன் சரிவாகவும் இருக்க வேண்டும். குறுகும் கோன் செங்குத்தாக இருந்தால் அலை பலமாகத் திரும்பும், ஆனால் மிகக் குறுகிய ஆர்பிஎம் எல்லைக்குள் மட்டும். ரேஸ் டிராக்கில் அது நல்லது. ஈசிஆரில் லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு கியர் மாற்றி மாற்றி ஓட்டுபவருக்கு அலுத்துவிடும்.

ஸ்டிங்கர் என்னும் கடைசிச் சிறு குழாய்தான் எல்லாவற்றிலும் ஆபத்தான இடம். அதன் உள்விட்டம் ஹெடரின் உள்விட்டத்தில் 0.58 முதல் 0.62 மடங்கு வரை இருக்க வேண்டும். 38 மி.மீ. ஹெடர் என்றால் ஸ்டிங்கர் 22 முதல் 23.5 மி.மீ. நீளம் அதன் விட்டத்தைப் போல் 12 மடங்கை ஒட்டி. அகலம் கூடினால் கொஞ்சம் பவர் போகும், அவ்வளவுதான். குறுகினால் உள்ளே அழுத்தமும் சூடும் ஏறி, பிஸ்டன் உச்சியில் ஓட்டை விழும். பட்டறையில் கையில் கிடைத்த குழாயை வெட்டி ஒட்டிவிடும் பழக்கம் உண்டு. ஆகவே வெர்னியரை எடுத்துப்போய் நீங்களே அளந்து பாருங்கள். சைலன்சர் டப்பாவுக்குள் போகும் துளைக்குழாயும் ஸ்டிங்கரைவிடக் குறுகலாக இருக்கக் கூடாது.

தகடு 1 முதல் 1.2 மி.மீ. கனத்தில் கோல்டு ரோல்டு ஸ்டீல். அதைவிட மெல்லியது என்றால் வெறுமையாகத் தகரம்போல் அலறும், மவுண்ட் ஓரத்தில் சீக்கிரம் பிளக்கும். கனமானது என்றால் எடை கூடி, அதே மவுண்ட்டைப் பிய்த்துக்கொண்டு வரும். வெல்டிங் டிக் முறையில் இருந்தால் நல்லது. உள்பக்கம் உருகி வழிந்த குமிழ்கள் இருக்கிறதா என்று ஹெடர் வாய் வழியாக விரல்விட்டுத் தடவிப் பாருங்கள். ஹெடரின் வாய் போர்ட்டின் வாயைவிடச் சிறிதாக இருந்து படிபோல் நிற்கக் கூடாது.

ஆர்டி இரட்டைச் சிலிண்டர் என்பதால் இன்னொரு சோதனை தேவை. வலதும் இடதும் ஒன்றாக இருக்கிறதா? ஒரு பக்கம் ஃபிரேமுக்கோ ஸ்டாண்டுக்கோ இடம்விட வளைத்ததில் அளவு மாறியிருக்கும். கண்ணால் பார்த்து இது தெரியாது. ஸ்டிங்கரைக் கார்க்கால் அடைத்து, பைப்பை நிறுத்தி, ஹெடர் விளிம்பு வரை தண்ணீர் ஊற்றுங்கள். காற்றுக் குமிழ் நிற்காமல் இரண்டு முறை சாய்த்து நிமிர்த்தி, மறுபடி நிரப்புங்கள். அளவுக் குவளையில் கொட்டிப் பாருங்கள். இரண்டு பைப்புக்கும் 50 மி.லி. வித்தியாசம் என்றால் விட்டுவிடலாம். 100 மி.லி. தாண்டினால் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், ஏனென்றால் பிறகு இரண்டு கார்புரேட்டரையும் ஒரே அளவு ஜெட்டில் (பெட்ரோலை அளந்து விடும் துளைத் திருகு) ஓட்ட முடியாது. நீளத்தையும் துணி டேப்பை நடுக்கோட்டில் ஒட்டி அளந்துகொள்ளுங்கள். தண்ணீர் விட்ட பைப்பை உடனே சூடுகாட்டி உலர்த்த வேண்டும்.

இறக்குமதிச் சேம்பர்

ஜேஎல், ஹிக்ஸ்பீட், டிஜி, ஜெம்கோ, ஸ்பெக் டூ ஆகியவை ஏர்-கூல்டு ஆர்டி வட்டாரத்தில் நெடுநாள் புழங்கும் பெயர்கள். வாங்கும் முன் பார்க்க வேண்டியது மாடல். 350எல்சி, ஆர்இசட் 350 ஆகியவை வாட்டர்-கூல்டு. பெயரில் 350 இருந்தாலும் அவற்றின் பைப் இதற்கு ஆகாது. ஆர்டி 400-க்கும் ஸ்ட்ரோக் வேறு, உயரம் வேறு. ஏர்-கூல்டு 350-க்கென்றே செய்ததைக் கேட்டு வாங்க வேண்டும்.

இவை ஜப்பானிய 39 பிஎச்பி எஞ்சினை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. உங்கள் சிலிண்டரை ஜப்பானிய அளவுக்கு முறையாகப் போர்ட்டிங் செய்திருந்தால், அல்லது செய்யப்போவதாக இருந்தால் தாராளமாக வாங்கலாம். மட்டுப்படுத்திய எல்டி சிலிண்டரை அப்படியே வைத்துக்கொண்டு இதற்குச் செலவழிப்பது வீண். கப்பல் கட்டணமும் சுங்கமும் சேர்ந்தபின் வரும் தொகையை முதலில் கிராங்க் சீல், பேரிங், பிஸ்டன் ஆகியவற்றுக்குச் செலவிட்டால் வண்டி அதைவிட நன்றாக ஓடும்.

இந்திய வண்டியில் மாட்டும்போது ஃபுட்ரெஸ்ட் தாங்கி, சென்டர் ஸ்டாண்டு, கிக்கர் மூன்றும் இடிக்கிறதா என்று பார்க்க வேண்டும். பல சேம்பர்களுக்குச் சென்டர் ஸ்டாண்டைக் கழற்ற வேண்டியிருக்கும். எஞ்சினுக்கு அடியில் போகும் வகை என்றால் நம் ஊர் வேகத்தடையில் வயிறு உரசும். ஒரு முறை நசுங்கிய சேம்பர் பிறகு அந்த அளவில் இருக்காது. இதில் உயரமான மவுண்ட்தான் நல்லது.

மாட்டும் முறை

பைப் மாட்டும் முன் எஞ்சினைச் சோதியுங்கள். கம்ப்ரஷன் இரு பக்கமும் ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டும். எக்ஸாஸ்டையும் இன்டேக்கையும் அடைத்து 6 பிஎஸ்ஐ காற்று ஏற்றி, ஆறு நிமிடம் நிற்கிறதா என்று பாருங்கள். நிற்கவில்லையென்றால் சோப்புத் தண்ணீர் பூசிக் கசிவைக் கண்டுபிடித்து முதலில் அதை முடியுங்கள். கிராங்க் சீல் வழியே காற்றை இழுக்கும் எஞ்சினில் எந்த ஜெட் போட்டாலும் கணக்கு நிற்காது.

எக்ஸாஸ்ட் கேஸ்கெட் புதிது போடுங்கள். போர்ட்டுக்குள் துருத்திக்கொண்டு நிற்காத அளவில் இருக்க வேண்டும். பின் மவுண்ட்டை முதலில் தளர்வாக மாட்டி, ஹெடரை இறுக்கி, பைப் தானாக உட்காரும் இடத்தில் மவுண்ட்டை இறுக்க வேண்டும். முட்டுக்கொடுத்து இழுத்துப் போல்ட் போட்டால் அந்த இடத்தில்தான் வெல்டிங் பிளக்கும். மவுண்ட்டில் ரப்பர் புஷ் கட்டாயம். ஸ்பிரிங் மாட்டும் வகையில் ஸ்பிரிங்குக்குள் கொஞ்சம் சிலிகான் அடைத்தால் அதிர்வில் அறாது. முதல் சவாரிக்குப் பின் ஆறவிட்டு எல்லா நட்டையும் மறுபடி இறுக்குங்கள்.

ஜெட்டிங்: பிஸ்டனைக் காப்பது இதுதான்

சேம்பர் அதிகக் காற்றை இழுக்கிறது. பழைய மெயின் ஜெட்டை மாற்றாமல் விட்டால் உச்ச ஆர்பிஎம்மில் கலவையில் பெட்ரோல் குறைந்து, அதாவது மெலிந்து, பிஸ்டன் சீஸ் ஆகும் (சூட்டில் சிலிண்டரோடு இறுகிவிடும்). பைப் வாங்கும் பணத்தோடு ஜெட் வாங்கும் பணத்தையும் எடுத்துவைக்க முடியாதவர் பைப்பைத் தள்ளிப்போடுவது நல்லது.

இப்போது 120 மெயின் ஜெட் இருக்கிறது என்று கொள்வோம். 130-லிருந்து 170 வரை பத்துப்பத்தாக ஜோடி ஜோடியாக வாங்குங்கள். நல்ல கடையில் ஒரிஜினல் மிக்குனி ஜெட்டே வாங்க வேண்டும். போலி ஜெட்டுகளில் எண் ஒன்று, துளை வேறு. 160-இல் தொடங்கிக் கீழே இறங்க வேண்டும். கலவை கொழுத்திருந்தால் உச்சத்தில் எஞ்சின் விட்டுவிட்டு அடிக்கும், புகை கட்டும், பிளக் நனையும். அதனால் எதுவும் உடையாது. கீழிருந்து மேலே போகிறவர் ஒரு பிஸ்டனைப் பலிகொடுத்துத்தான் சரியான எண்ணைக் கண்டுபிடிப்பார்.

ஃபுல் த்ராட்டிலில் பார்ப்பதற்குப் பிளக் சாப் என்ற பழைய முறை போதும். ஆளில்லாத நேரான இடத்தில், முடிந்தால் டிராக்கில், எஞ்சின் முழுச் சூடு ஏறியபின் புதுப் பிளக் மாட்டி, நான்காம் கியரில் முழு த்ராட்டிலில் சில வினாடி பிடித்து, த்ராட்டிலை மூடாமலே கில் சுவிட்சையும் கிளட்ச்சையும் ஒன்றாகப் போட்டு உருண்டு நிறுத்துங்கள். பிளக்கின் வெள்ளைப் பீங்கானின் மூக்கைப் பார்க்க வேண்டாம். பீங்கான் இரும்புக்குள் இறங்கும் அடிப்பகுதியில், லென்ஸ் வைத்துப் பார்த்தால் ஒரு மெல்லிய பழுப்பு வளையம் தெரியும். வளையமே இல்லாமல் வெளுத்திருந்தால் மெலிவு. சின்ன அலுமினியத் துகள்கள் மின்னினால் உடனே நிறுத்துங்கள், பிஸ்டன் உருகத் தொடங்கிவிட்டது. இரண்டு பிளக்கையும் பார்க்க வேண்டும். ஒன்று நன்றாக இருந்தால் மற்றதும் நன்றாக இருக்கும் என்பது ஆர்டியில் செல்லாது.

பாதித் த்ராட்டிலில் கலவையைத் தீர்மானிப்பது கார்புரேட்டரின் ஊசி. கிளிப்பை ஒரு காடி கீழே இறக்கினால் ஊசி உயர்ந்து கலவை கொழுக்கும். ஏர் ஃபில்டரை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். பைப்பையும் கோன் ஃபில்டரையும் ஒரே நாளில் மாட்டுபவருக்கு எதனால் என்ன ஆனது என்று பிரித்துப் பார்க்க வழியே இருக்காது.

இக்னிஷன் டைமிங் ஆர்டி 350-க்கு டிடிசிக்கு முன் 2.0 மி.மீ. சேம்பரோடு 1.8-க்குப் பின்தள்ளி வைப்பது பாதுகாப்பு. என்ஜிகே பி8ஹெச்எஸ் பிளக்குக்குப் பதில் நெடுந்தூர வேகச் சவாரிக்கு ஓர் எண் குளிர்ந்த பி9ஹெச்எஸ் போடலாம். ஊருக்குள் மட்டும் ஓட்டினால் அது கரி பிடித்துத் தொல்லை கொடுக்கும்.

இப்போது பெட்ரோல் பங்க்குகளில் வரும், 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோலையும் கணக்கில் சேர்க்க வேண்டும். வெறும் பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்றால் இ20-க்கு ஏறக்குறைய 13.5 போதும். அதாவது ஜெட் மாற்றாமலே கலவை எட்டு சதவீதம் அளவுக்கு மெலிந்துவிடுகிறது. பழைய ஜெட்டிங் குறிப்புகளில் இருக்கும் எண்களை இதனால் அப்படியே நம்பக் கூடாது. மதிய வெயிலில் சரிபார்த்த ஜெட் மார்கழி விடியற்காலையில் இன்னும் ஒரு படி மெலியும், குளிர்காற்று அடர்த்தி கூடியது. சரியாக வந்த எண்ணுக்கு ஒரு படி மேலே வைத்து ஓட்டுங்கள்.

ஆர்எக்ஸ் 100 வைத்திருப்பவர்களுக்கும் இந்தக் கணக்கு அத்தனையும் பொருந்தும். ஒரே சிலிண்டர் என்பதால் தண்ணீர்ச் சோதனை மட்டும் தேவையில்லை. 7,500 ஆர்பிஎம்மில் 11 பிஎச்பி தரும் அந்த எஞ்சினுக்குச் சேம்பர் போட்டுக் கீழ் இழுவையை இழப்பது, ஸ்பிராக்கெட்டையும் மாற்றினால் ஒழியத் தினசரி ஓட்டத்துக்கு ஒத்துவராது.

சத்தமும் சட்டமும்

சேம்பரின் முனையில் சைலன்சர் டப்பா இல்லாமல் ரோட்டில் ஓட்டக் கூடாது. மோட்டார் வாகனச் சட்டம் 190(2) பிரிவின் கீழ் 2019 திருத்தத்துக்குப் பிறகு அபராதம் பத்தாயிரம் ரூபாய் வரை, மூன்று மாதம் வரை சிறை, ஓட்டுநர் உரிமம் மூன்று மாதம் முடக்கம். டப்பாவுக்குள் இருக்கும் கண்ணாடிக் கம்பளி ஆயிலில் நனைந்து கெட்டியாகிவிடும். சத்தம் கூர்மையாக மாறினால் ரிவெட்டைக் கழற்றிப் புதுக் கம்பளி சுற்ற வேண்டும். தளர்வாகவும் கூடாது, திணிக்கவும் கூடாது. டப்பா இருந்தாலும் சேம்பர் மாற்றம் மாற்றம்தான், சோதனையில் நிறுத்தினால் எதிர்வாதம் செய்ய இடமில்லை.

கழற்றிய ஒரிஜினல் ஜோடியை விற்றுவிடாதீர்கள். 15 ஆண்டு தாண்டிய வண்டிக்கு ஆர்சி புதுப்பிக்க ஆர்டிஓ அலுவலகத்துக்குப் போகும்போது அதை மாட்டித்தான் போக வேண்டும். உள்ளே 2டி ஆயில் சுழற்றி, இரு முனையையும் துணியால் அடைத்து, ஈரம் படாத இடத்தில் தரையில் படாமல் தொங்கவிடுங்கள். இடது, வலது என்று சாக்பீஸில் எழுதி, ஃபிளாஞ்சையும் நட்டையும் கேஸ்கெட்டையும் அதனோடு சேர்த்தே கட்டி வைத்தால் மாட்டும் நாளில் தேட வேண்டியிருக்காது.